மாமன்னர் மார்பின் மேல் ஒரு கை

மாமன்னர் சாவதற்குப் பதினொரு நிமிடம் எடுத்துக்கொள்வார். நிஜ மன்னர்கள் இதைவிடச் சிக்கனமாகச் செத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் யாரும் தங்கள் சாவுக்குத் தாங்களே தயாரிப்பாளராக இருந்ததில்லை. ஈட்டி பாய்ந்த பிறகு இவர் எழுந்து நின்று நாட்டுக்கு அறிவுரை சொல்வார். உட்கார்ந்து தளபதிக்கு அறிவுரை சொல்வார். படுத்துக்கொண்டு குதிரைக்கு அறிவுரை சொல்வார். இனியும் விட்டுவைத்தால் நம் பக்கம் திரும்பிவிடுவார் என்று கொட்டகை பயப்படும் நேரத்தில், திரையின் ஓரத்திலிருந்து ராணியின் கை ஒன்று வந்து அவர் மார்பின் மேல் படியும். நாற்பது வினாடி. கையும் மார்பும் மட்டும்தான், இரண்டு பேர் முகமும் கிடையாது. அந்தக் கை பட்டதும் மாமன்னர் ஒருவழியாகச் செத்துப்போவார்.

ஒன்பது வருடத்துக்கு முன் வந்து நான்கு வாரம் ஓடிய அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஜனங்களுக்கு நினைவிருந்தது அந்த நாற்பது வினாடிதான். நன்றி உணர்ச்சியாக இருக்கலாம்.

ஊரின் பெரிய விமர்சகர் அந்தக் கையைப் பற்றி மட்டும் முக்கால் பக்கம் எழுதினார். கட்டைவிரலுக்குக் கீழே தெரிந்த முக்கோணத் தழும்பை 'ஓர் இனத்தின் ஆறாத வடு' என்றார். அது இஸ்திரிப் பெட்டியின் மூக்கு. படப்பிடிப்பின் முதல் வாரத்தில், மாமன்னரின் அங்கியைத் தேய்த்துக்கொண்டிருந்தவளை, "அங்கி எங்கே, அங்கி எங்கே" என்று மாமன்னரே போட்ட அதட்டலில் சுட்ட சூடு.

ஆக, கை ராணியுடையது அல்ல. ராணியாக நடித்த கதாநாயகி, மாமன்னர் ஏழாவது நிமிடத்தைத் தாண்டியபோதே பொறுமையிழந்து, "இவர் செத்ததும் சொல்லி அனுப்புங்க" என்று காரில் ஏறிப் போனவர் திரும்பவில்லை. "யாராவது ஒரு பொம்பளை கை கொண்டாங்கப்பா" என்று ஒரு குரல் வந்தது. உடை அறையில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவளின் கை, நூலோடு சேர்த்து இழுத்து வரப்பட்டு, வளையல் மாட்டப்பட்டு, ஒரு பேரரசை முடித்துவைத்தது. முடித்ததும், "வளையலைக் கழட்டிக் குடுத்துட்டுப் போ" என்றார்கள். கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்போது அவளை எல்லோரும் மேனி என்றுதான் கூப்பிடுகிறார்கள். காரணம் தொழில். காலம் மாறி, வண்ணப் படங்கள் வரிசைகட்டி வர, மாமன்னரின் படத்தை ஓசியில் கொடுத்தாலும் ஓட்ட ஆளில்லை. படத்தால் கிடைத்த 'மாமன்னர்' என்ற பட்டப்பெயரை மட்டும் அவர் கீழே வைப்பதாக இல்லை. அதனால் கடைசி ரீலுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டி மறுபடி வெளியிடுவதென்று தீர்மானித்தார். கடைசி ரீல் என்றால் அவருடைய சாவு. பதினொரு நிமிடம், வினாடிக்கு இருபத்துநாலு ஃபிரேம், பதினாறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. முழுப் படத்துக்கும் செய்யலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, "மத்த ரீல்ல மத்தவங்களும் இருக்காங்களே" என்றார். நியாயம்தான்.

விளம்பரம் சுவர் சுவராக ஒட்டப்பட்டது: 'படப்பிடிப்பில் கண்ட அதே வண்ணங்கள்! ஒரு துளி பொய்யில்லை!'

வண்ணக் கூடம் இருந்தது ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். கீழே சின்னத் திரையரங்கு. சன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம். பத்து மேசைகள், பத்துப் பெண்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கண்ணாடிப் பலகை, அதற்கடியில் பல்பு, மேலே பூதக்கண்ணாடி. இடது கையில் பருத்திக் கையுறை, வலது கையில் நாலே மயிர் உள்ள தூரிகை. ஃபிரேம் ஒவ்வொன்றும் சின்னத் தபால்தலை அளவு. அதற்குள் நிற்கும் ஒரு வீரனின் முகம் கடுகு. ஆளுக்கு ஒரு வண்ணம். முதல் மேசையில் வானத்தை வாங்கிக்கொண்ட ஃபிலிம், இரண்டாவது மேசையில் புல்லை வாங்கிக்கொண்டு, இப்படியே நகர்ந்து பத்தாவது மேசையில் முழுசாகும். முழுசானதைப் பார்க்கும் பாக்கியம் பத்தாவது பெண்ணுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு மூன்று மாதமும் ஒரே நிறம். புல்லுக்காரி கனவில்கூடப் பச்சையாகத்தான் வருகிறதென்று புலம்புவாள்.

தூரிகையின் முனை கூராக இருக்க வேண்டும். அதற்கு நாக்கைவிட நல்ல கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒரு தொடல், ஒரு நக்கல். மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து சிரித்தால் பத்து நிறத்தில் பத்து நாக்கு தெரியும். சாயம் விஷமா என்று ஒருத்தி கேட்டதற்கு, "விஷம்னா விலை ஜாஸ்தியா இருக்கும்மா, இது மலிவு" என்று தைரியம் சொன்னார் மேற்பார்வையாளர்.

மேற்பார்வையாளருக்கு அட்டையில் போட்டிருந்த பதவி 'வண்ணத் தலைமை இயக்குநர்'. உண்மையான பதவி மாமன்னர் மனைவியின் தம்பி. அதனால் கூடத்தில் அவர் பெயர் மச்சான் சார். அவர் தூரிகையைத் தொட்டதில்லை. மாலை ஐந்து மணிக்கு வரிசையாக வந்து, "ஆ" என்பார். பத்து பேரும் நாக்கை நீட்ட வேண்டும். நீலக்காரியின் நாக்கு நீலமா, பச்சைக்காரியின் நாக்கு பச்சையா என்று டார்ச் அடித்துப் பார்த்து நோட்டில் டிக் போடுவார். அவரவர் தத்தம் வண்ணத்தை மட்டும்தான் தொட்டார்கள் என்பதற்கு இதுவே அத்தாட்சி. இப்படி ஒரு தரக் கட்டுப்பாடு உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று அவர் பெருமைப்பட்டுக்கொள்வார். அது மட்டும் உண்மை.

மேனியின் வேலை தோல்; அவளுக்கு மட்டும் மூன்று வண்ணம். மாமன்னர் கைப்படத் திருத்திய உத்தரவுத் தாள் ஒன்று அவள் மேசைக்கு மேலே தொங்கியது. மாமன்னர்: பொன். ராணி: ரோஜா. எதிரி நாட்டு மன்னன்: கரும்பச்சை. தோலென்றாலும் வீரர்களின் தோல் அவளைச் சேராது. 'வீரர்கள், குதிரைகள், கதவுகள்: பழுப்பு' என்று ஒரே வரியில் முடித்து, அவற்றைப் பக்கத்து மேசைக்கு ஒதுக்கியிருந்தார்கள். அந்த மேசைக்காரி குதிரையக்கா. வாயும் அப்படித்தான், ஒரு இடத்தில் நிற்காது.

தாளின் கடைசி வரி: 'ராணியின் கை: ரோஜா மூன்று பூச்சு. தழும்பு தெரியவே கூடாது.'

மூன்று பூச்சுப் பூசினால் சுற்றியுள்ள இடமெல்லாம் தழும்பின் கருமைக்கு வந்துவிடும். தழும்பு காணாமல் போகும். அதோடு, படத்தின் பழைய பிரதிகளை எல்லாம் கழுவி, ஃபிலிமிலுள்ள வெள்ளியை எடுக்க அனுப்பியாயிற்று என்று மச்சான் சார் அன்று காலைதான் பெருமையாகச் சொல்லியிருந்தார். ஆக, உலகத்தில் மிச்சமிருப்பது இந்த ஒரே பிரதி.

இதில் மேனிக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் வீட்டில் இருந்தது.

அவளுடைய பத்து வயது மகளின் வகுப்பறையில் ஒரு சோப்புக் கம்பெனி காலண்டர் தொங்கியது. கதாநாயகி வெண்ணெய் போன்ற கையை நீட்டிக்கொண்டு சிரிப்பார். கீழே, 'அந்தக் கைக்கு இந்த சோப்பு!' ஒன்பது வருடமாக அந்தக் கையின் புகழில்தான் அம்மையார் குளித்துக்கொண்டிருந்தார். மகள் எழுந்து நின்று, "டீச்சர், அந்தப் படத்துல வர்றது எங்கம்மா கை" என்று சொல்லிவிட்டாள். வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, சிரித்ததற்குப் பரிகாரமாக, 'நான் பொய் சொல்ல மாட்டேன்' என்று நூறு தடவை எழுதிவரச் சொன்னார்.

அன்று மாலை மகள் எண்பது வரை எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நிஜமாச் சொல்லு. உன் கைன்னா மீதி இருபதை எழுத மாட்டேன்."

"என் கைதான்டி."

"எழுதுடி, எழுது" என்றாள் மேனியின் நாத்தனார், கட்டிலில் காலை நீட்டியபடி. கணவன் வீட்டில் மூன்று நாள் தங்கிவிட்டு வருகிறேன் என்று போனால் இரண்டாம் நாளே திரும்பிவருகிறவள். கடைசியாகத் திரும்பி ஏழு வருடமாகிறது. "அந்த இருபது உங்கம்மா பங்கு. நானுந்தான் படம் பாத்தேன். கையில கறுப்பா ஒண்ணு தெரிஞ்சுது, வாஸ்தவம். ஃபிலிம்ல கீறல். நம்ம வீட்டு ராணியம்மாவுக்கு அது தழும்பாத் தெரிஞ்சிருக்கு."

"அண்ணி, இந்தா பாருங்க தழும்பு."

"இஸ்திரிப் பெட்டில சுட்டுக்காதவ யாருடி? எங்கிட்டகூடத்தான் ரெண்டு இருக்கு. நான் என்ன மகாராணின்னு சொல்லிக்கிட்டா திரியறேன்?"

மேனி கணவனைப் பார்த்தாள். அவன் பஸ் பணிமனையில் மெக்கானிக். எந்த இஞ்சினுக்குள்ளும் கையை விடுவான், இந்த இரண்டு பெண்களின் பேச்சுக்குள் மட்டும் விரலைக்கூட விடமாட்டான். "அன்னிக்கு எனக்கு டூட்டி" என்றான்.

மகள் குனிந்து மீதி இருபதையும் எழுதினாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அதுதான் மேனிக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அந்த நாற்பது வினாடி அவள் மேசைக்கு வந்து சேர்ந்தது. தொள்ளாயிரத்து அறுபது ஃபிரேம். பூதக்கண்ணாடிக்கு அடியில் அவள் கை, நகத்தளவு, தழும்பு ஒரு குண்டூசித் தலையளவு. பக்கத்திலேயே தூரிகை பிடித்த அதே கை. ரோஜாக் கிண்ணத்தில் தூரிகையை நனைத்தாள். வைக்கப் போனாள். எடுத்துவிட்டாள்.

"அக்கா, கொஞ்சம் பழுப்பு குடேன்."

"எதுக்கு? ராணி குதிரை வாங்கியிருக்காளா?"

மேனி தன் கையைக் கண்ணாடிப் பலகைமேல், ஃபிலிமுக்குப் பக்கத்தில் வைத்தாள். குதிரையக்கா எட்டிப் பார்த்தாள். ஃபிலிமைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மறுபடி ஃபிலிமைப் பார்த்தாள். அவள் பேசாமல் இருந்ததை அந்தக் கூடம் கண்டது அதுதான் முதல்முறை. ஆனால் நெடுநேரம் நீடிக்கவில்லை.

"அடிப்பாவி. அப்ப அந்த மனுசனைக் கொன்னது நீதானா? முன்னாடியே சொல்லியிருந்தா உனக்கு டீ வாங்கித் தந்திருப்பேனே!"

பழுப்புக் கிண்ணம் இடம் மாறியது. "என் பழுப்பு அப்படியே வேணாம், குதிரை ஆயிடுவே. ரெண்டு சொட்டுத் தண்ணி விடு. ஒரு சொட்டு உன் ரோஜா. ம்... இன்னும் கொஞ்சம். ஆங். இப்பதான் மனுசி."

இரண்டு ஆபத்துகள் இருந்தன. ஒன்று நாக்கு. மேனி நான்கு நாளும் தூரிகையை நக்காமல் முந்தானையில் கூராக்கினாள். நாலரை மணிக்கு ஒரு சொட்டு ரோஜாவை நாக்கில் விட்டுக்கொண்டாள். ஐந்து மணிக்கு மச்சான் சார் டார்ச் அடித்துப் பார்த்து, "பிரமாதம்" என்று டிக் போட்டார். இன்னொன்று ஃபிலிம். அதை யாரும் பார்க்கவில்லை. மச்சான் சாருக்கு மாமன்னர் இட்டிருந்த கட்டளை, "என் முகம் ஒரு ஃபிரேம்லகூடப் பொன் குறையக் கூடாது" என்பது. அந்தத் தொள்ளாயிரத்து அறுபது ஃபிரேமில் அவர் முகம் இல்லை. முகம் இல்லாத இடத்தைப் பார்ப்பதற்கு அவருக்குச் சம்பளமும் இல்லை.

மறுவெளியீட்டு விழாவுக்கு மூன்று நாள் முன்பு, கீழே திரையரங்கில் மாமன்னருக்குப் போட்டுக் காட்டினார்கள். ஏதாவது திருத்தம் வந்தால் கையோடு செய்வதற்காகப் பத்துப் பெண்களையும் பின்சுவர் ஓரமாக நிற்க வைத்திருந்தார்கள். மாமன்னர் பொன்னாக எழுந்தார், பொன்னாக உட்கார்ந்தார், பொன்னாகப் படுத்தார். இருட்டில் அவர் தன் சாவுக்குத் தானே "த்சொ, த்சொ" கொட்டுவது கேட்டது. பிறகு கை வந்தது.

"நிறுத்து!"

விளக்கு எரிந்தது.

"என்னய்யா இது? யார் கை இது?"

"ராணி கை, அத்தான்" என்றார் மச்சான் சார்.

"ராணி கையா? குதிரை காலைத் தூக்கி என் மேல வெச்ச மாதிரி இருக்கு!"

"நான் தினமும் நாக்கைப் பாத்தேன் அத்தான். சத்தியமா ரோஜாதான். நோட்டுல டிக் இருக்கு."

"நாக்கை எதுக்குய்யா பாத்தே? ஃபிலிமைப் பாக்கறதுக்கென்ன?"

"ஃபிலிம்ல உங்க மூஞ்சியை மட்டும் பாருன்னு நீங்கதான் சொன்னீங்க. அங்க உங்க மூஞ்சி இல்லியே!"

இதில் பிழை கண்டுபிடிக்க மாமன்னரால் முடியவில்லை. திரும்பிப் பெண்களைப் பார்த்தார். மேனி ஒரு அடி முன்னால் வந்து நின்றாள்.

"நீதானா? இன்னிக்கே ரோஜாவாக்கு."

"ஆகாதுங்க ஐயா. சாயத்துக்கு மேல சாயம் போட்டா கூடத்தான் செய்யும், கழியாது. இதைவிடக் கறுப்பாக்கச் சொன்னா ஆக்கலாம். வெளுப்பாக்க முடியாது."

"யாரைக் கேட்டு இப்படிப் பண்ணினே?"

"விளம்பரத்தைப் பாத்துத்தாங்க. அதே வண்ணம், ஒரு துளி பொய்யில்லைன்னு போட்டிருந்துச்சு."

"அன்னிக்கு அந்தக் கை என்ன நிறத்துல இருந்துச்சுன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

மேனி வலது கையை நீட்டினாள். விளக்குக்கு நேரே, கட்டைவிரல் அடியில் முக்கோணம் தெரியும்படி, அவர் மார்புக்கு ஒரு சாண் தள்ளி. ஒன்பது வருடம் முன்பு அந்தத் தூரம்கூட இருக்கவில்லை. 

மாமன்னர் அந்தக் கையைக் கூர்ந்து பார்த்தார்.

"பெரியவங்க முன்னால வரும்போது சாயத்தைக் கழுவிட்டு வரக் கூடாதா?" என்றார்.

பின்னால் குதிரையக்காவுக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை.

அந்த இடத்தையே வெட்டிவிடலாம் என்றார் மாமன்னர். சோப்புக் கம்பெனி முதலாளி விழாவுக்கு வருவதே அந்தக் கைக்காகத்தான் என்று நினைவூட்டப்பட்டது.  அப்போதுதான் மச்சான் சாருக்கு வாழ்க்கையிலேயே முதல் யோசனை தோன்றியது.

"கையுறை, அத்தான்! கறுப்பாக்கலாம்னு இந்தம்மாவே சொல்லுதே. ராணிக்குக் கறுப்பு வெல்வெட் கையுறை போட்டுடுவோம். நிறமும் தெரியாது, தழும்பும் தெரியாது. துக்கத்துக்குத் துக்கமும் ஆச்சு."

மாமன்னர் அவரைக் கட்டிக்கொண்டார். முதலில் ஒரு வினாடிக்கு மட்டும் போட்டுப் பார்ப்பது, நன்றாக இருந்தால் பத்துப் பேரும் சேர்ந்து மிச்சத்தை முடித்துவிடுவது என்று முடிவாயிற்று. போடப்போவது மேனி. தோல் அவள் இலாகா அல்லவா.

மாடிக்குப் போய் உட்கார்ந்தாள். கை திரைக்குள் நுழையும் முதல் வினாடி. இருபத்துநாலு ஃபிரேம். கறுப்புக் கிண்ணத்தில் தூரிகையை முக்கி, நாக்கில் கூராக்கி, தன் விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். தழும்பை மூடினாள். இருபத்துநாலு முறை. மகளின் முத்து முத்தான கையெழுத்து கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போயிற்று.

"நாக்கைக் காட்டு" என்றாள் குதிரையக்கா. "ஐயய்யோ, கன்னங்கரேல்னு இருக்கு. கருநாக்குக்காரி ஆயிட்டேடி! ஏதாவது ஒண்ணு சொல்லேன், பலிக்குதான்னு பாப்போம்."

மேனி இருபத்துநாலாவது ஃபிரேமை ஊதிக் காயவைத்தாள்.

"இது உருப்படாது" என்றாள்.

கீழே மறுபடி விளக்கு அணைந்தது. மாமன்னர் பொன்னாகக் கிடந்தார். திரையின் ஓரத்திலிருந்து கன்னங்கரேலென்று ஏதோ ஒன்று விரித்துக்கொண்டு பாய்ந்துவந்து, அவர் மார்பின் மேல் உட்கார்ந்தது. கையால் பூசிய சாயம் ஒரு ஃபிரேம் போல இன்னொரு ஃபிரேம் இருக்காது. ஓரமெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு வினாடி. பிறகு பழுப்புக் கை.

 படம் ஓட்டும் அறையின் சின்னச் சன்னலிலிருந்து ஆபரேட்டரின் தலை மட்டும் வெளியே வந்தது. முப்பது வருட அனுபவஸ்தர், மரியாதை தெரிந்தவர்.

"ரொம்ப நல்லாருக்குங்க ஐயா. ஆனா ஒரு சந்தேகம். நீங்க சாகுறதுக்கு முந்தியே காக்கா வந்து உக்காந்துடுச்சே, அது எதுக்குங்க?"

குதிரையக்காவுக்கு இந்தமுறை இருமல்கூட உதவவில்லை. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

 தன் பிணத்தின் மேல் காக்கை உட்காருவதைப் பார்த்த மனிதனின் முகம் பொன்னாக இருக்காது. மாமன்னர் எழுந்து, "தொடாதீங்க. ஒண்ணையும் தொடாதீங்க. அப்படியே விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வினாடியை வெட்டலாமா என்று கேட்க மச்சான் சாருக்குத் துணிச்சல் வரவில்லை. கேட்காததை யாரும் வெட்டவும் இல்லை.

விழாவன்று பெரிய கொட்டகை. அழைத்தவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பது கடைசி நேரத்தில் தெரிந்ததால், இருக்கைகளை நிரப்ப வண்ணக் கூடத்துப் பெண்களுக்கு ஆளுக்கு நான்கு சீட்டுக் கொடுத்தார்கள். முன்வரிசை, கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்க்கிற இடம். மேனி, அவள் கணவன், மகள், நாத்தனார். "ராணியம்மாவோட சாவுக்கு வந்திருக்கோம்" என்றபடி உட்கார்ந்தாள் நாத்தனார். "ராணி சாகலை அத்தை, ராஜாதான் சாவாரு" என்று மகள் திருத்தினாள். "யாரோ ஒருத்தர். சீக்கிரம் முடிஞ்சா சரி."

மேனிக்குக் கவலை விடவில்லை.  கடைசி நேரத்தில் யாராவது வெட்டியிருந்தால்? கறுப்புக் கிண்ணத்தை வேறு யாராவது எடுத்திருந்தால்? நூறு தடவை எழுதிய அந்த நோட்டைப் பற்றி மகள் அதற்குப் பிறகு ஒருநாளும் அவளிடம் பேச்செடுக்கவில்லை. 

பத்தாவது நிமிடம். காக்கை பாய்ந்து வந்தது; கொட்டகை ஒருமுறை திடுக்கிட்டது. அடுத்த கணம் கை.

திரையில் அது முப்பதடி இருந்தது. சட்டி தேய்த்த கை, துணி தேய்த்த கை, நகத்தோரம் வெடித்த கை. பொன்னான மார்பின் மேல் அது ஒன்றுதான் உயிருள்ளதாகத் தெரிந்தது. கட்டைவிரல் அடியில் முக்கோணம், ஒரு வீட்டுக் கதவளவு.

 மகள், பக்கத்து மடியில் கிடந்த அம்மாவின் வலது கையை எடுத்தாள். இஷ்டத்துக்குத் திருப்பி, தன் கண்ணுக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, திரையிலிருந்த கையின் மேல் இதைப் பொருத்திப் பார்த்தாள். திரை வெளிச்சம் விரலிடுக்கில் வழிந்தது. நாற்பது வினாடியும் அப்படியே பிடித்திருந்தாள். மேனிக்குத் தோள் கடுத்தது, கையை இழுக்கவில்லை.

நடுவரிசையில் சோப்புக் கம்பெனி முதலாளி திரையைப் பார்த்தார், பக்கத்திலிருந்த கதாநாயகியின் கையைப் பார்த்தார். "இது நம்ம சோப்பு போடறதுக்கு முன்னாடியாங்க, பின்னாடியாங்க?" என்று அக்கறையோடு கேட்டார். அம்மையார் இரண்டு கைகளையும் கைப்பைக்குள் விட்டுக்கொண்டு, விழா முடியும்வரை எதையோ தேடிக்கொண்டே இருந்தார்.

விளக்கு எரிந்ததும் மேடையேறியவர் அதே பெரிய விமர்சகர்தான். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மரணம் முதலில் காக்கையாக வருகிறது. மறுகணமே அது மண்ணாக மாறுகிறது. மண் தன் மகனை அழைத்துக்கொள்கிறது. அந்தக் கை பழுப்பாக இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அது கையல்ல. பூமி! இப்படி ஒரு வண்ணத் துணிச்சலை இதுவரை நான் கண்டதில்லை."

கொட்டகை கைதட்டியது. கைதட்டல் கேட்டதும் மாமன்னருக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. அவர் ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டு, "அந்தக் காக்கை ஒருநாள் விடியற்காலையில் என் மனத்தில் வந்து உட்கார்ந்தது" என்று ஆரம்பித்தார். ஆபரேட்டர் மேலே சன்னலைச் சாத்திக்கொண்டார். மாமன்னர் பேச்சு முடியப் பதினொரு நிமிடமாவது ஆகும் என்று தெரிந்தவர்கள் எழுந்து வாசலுக்கு நடந்தார்கள்.

மேனியின் வீட்டாரும் எழுந்தார்கள். மகள் அம்மாவின் கையை இன்னும் விடவில்லை. ரோட்டில் காணாமல் போய்விடக்கூடிய சாமான் போலப் பிடித்திருந்தாள்.

"அம்மா, அந்த நோட்டைக் கிழிச்சுடவா?"

"கிழிக்காதடி, பின்பக்கம் காலியா இருக்கு" என்றாள் நாத்தனார்.

"அத்தை, நீங்க சொல்லுங்க. அது யார் கை?"

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். அவன், இன்றைக்குத் தனக்கு டூட்டி இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தவன்போல, "தழும்பு அதேதான்" என்று முணுமுணுத்தான். கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் அவன் எடுத்த முதல் கட்சி. தப்பிக்க வழியில்லாமல் நாத்தனார் மேனியின் கையைப் பார்த்தாள். பின்னால், மேடையில் இன்னும் பேசிக்கொண்டிருந்த மாமன்னரைப் பார்த்தாள்.

"உங்கம்மா கைதான். யார் இல்லேன்னா?" என்றாள் எரிச்சலாக. "சும்மா தொட்டதுக்கே அந்த ஆளு செத்துட்டான். அந்தக் கை ஆக்கிப் போட்டதைத் தினமும் மூணு வேளை தின்னுட்டு இத்தனை வருஷமா உயிரோட இருக்கேனே, நான்தான்டி மாமன்னர்!"